தட்டில் மிஞ்சிய ஸ்பிளிட் பின்

பாபநாசம்
10 நவம்பர் 2024

அன்புள்ள அண்ணனுக்கும், அண்ணனுக்கு முன்னால் இதைப் பிரித்துப் படிக்கப்போகும் மாஸ்டர் ஃபாதருக்கும்,

ஸ்தோத்திரம். (இது ஃபாதருக்கு. அண்ணனுக்கு ஒரு கொட்டு.)

சாமியாராகப் பயிற்சி எடுக்கிற நொவிஷியேட்டில் ஒரு வருடத்துக்குப் போன் கிடையாது, கடிதம் மட்டும்தான், அதையும் ஃபாதர் படித்துவிட்டுத்தான் தருவார் என்று நீ எழுதியதிலிருந்து எனக்குக் குஷி. ஒரே ஸ்டாம்புக்கு இரண்டு வாசகர்கள்! பன்னிரண்டாம் வகுப்பு படிக்கும் எந்த எழுத்தாளருக்கு இது கிடைக்கும்?

அம்மா சௌக்கியம். அப்பா சௌக்கியம், ஆனால் உன் பேரை எடுத்தால் மட்டும் காது கேட்காது. கோர்ட் அமீனாவாக இருந்து ஊரில் இருக்கிற பீரோ, டிராக்டர், பம்ப்செட் எல்லாவற்றையும் ஜப்தி செய்த மனிதர். கடைசியில் சாமி வந்து இவர் மகனை ஜப்தி செய்துவிட்டார் என்று கோபம். "அப்பா அமீனா, புள்ளை ஆமென்" என்று சாப்பிடும்போது சொன்னேன். அம்மா சிரித்துவிட்டாள். அப்பா தட்டை நகர்த்திவிட்டு எழுந்து போனார்.

முக்கியச் செய்தி: கார் ஓடுகிறது! நீ வீட்டை விட்டுப் போகும்போது செங்கல் அடுக்கின் மேல் எலும்புக்கூடாக நின்றதே, அதே ஃபியட். இப்போது பால்கோவா நிறத்தில் பளபளக்கிறது. ரிட்டயர் ஆனவர்கள் வாக்கிங் போவார்கள். நம் அப்பா காருக்கு அடியில் ஸ்லீப்பிங். முதலில் அந்தப் பழைய ஜாவா பைக், இப்போது இது. கோர்ட் வளாகத்தில் ஜப்தி வண்டிகள் மழையில் துருப்பிடிப்பதைப் பார்த்துப் பார்த்து வந்த ஆசையாம்.

அவருடைய எவர்சில்வர் தாம்பாளம் உனக்கு நினைவிருக்கும். கழற்றுகிற ஒவ்வொன்றையும் அதில் போடுவார். திரும்ப மாட்டி முடித்ததும் தட்டு காலியாக இருந்தால் வேலை சரி. அவ்வளவுதான் அவருடைய கணக்கு. இந்தக் கணக்கைக் கெடுக்காமல் நான் எப்படி இருப்பேன்? என் கிளாஸ்மேட் ஹம்தானின் மாமா ஸ்பேர் பார்ட்ஸ் கடை வைத்திருக்கிறார். அங்கே குப்பையில் கிடந்த நட்டு, வாஷர் என்று பொறுக்கி வந்து, அப்பா வேலையை முடித்துக் கை கழுவப் போகும் நேரமாகப் பார்த்து ஒன்றொன்றாகத் தட்டில் போட்டேன். பாவம், கார்புரேட்டரை மறுபடி கழற்றினார். மாட்டினார். மறுபடி கழற்றினார். கடைசியில் ஒரு நட்டு சைக்கிள் நட்டாகப் போய்விட்டது, மாட்டிக்கொண்டேன். அன்றிலிருந்து ஷெட்டுக்குப் பூட்டு. சாவி அவருடைய அரைஞாண் கயிற்றில். சாமிக்குக்கூட அவ்வளவு பாதுகாப்பு இல்லை.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். நேற்று முன்சக்கரத்துப் பக்கம் என்னவோ மாட்டி முடித்துவிட்டு, காரை வெளியே எடுத்தார். தட்டில் ஒன்று மிச்சம் இருந்தது. மெல்லிய கம்பி, ஹேர்பின் மாதிரி இரண்டாக மடிந்தது, ஒரு முனையில் குண்டாக ஒரு கண். அண்ணா, அதை நான் போடவில்லை.

அப்பா அதைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். "இந்தத் தடவ சின்னதா போட்டிருக்க. பரவால்ல, திருந்திட்ட" என்று சொல்லி வீட்டு முன்னால் ஓடுகிற வாய்க்காலில் விட்டெறிந்தார். நானும் பழக்கதோஷத்தில் சிரித்துத் தொலைத்தேன்.

அந்தச் சிரிப்பை நினைத்தால்தான் இப்போது என்னவோ போல் இருக்கிறது. நீ மெக்கானிக்கல் படித்தவன். அது என்ன?

உன் தங்கை,
ஜாய்ஸ்


ஏற்காடு
18 நவம்பர் 2024

அன்புள்ள ஜாய்ஸ்,

இயேசுவுக்கே புகழ். உன் கடிதத்தைத் தரும்போது மாஸ்டர் ஃபாதர் சவரிநாதன் சிரித்துக்கொண்டே தந்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

போன மாதம் கடிதம் முழுக்கச் சிவப்பு மையால் புள்ளி வைத்து, "வீட்டில் எல்லோருக்கும் அம்மை, தொடாதே" என்று எழுதினாய். நானும் ஒரு கணம் காகிதத்தைக் கீழே போட்டேன். அதற்கு முன்னால் ஹம்தானைக் கட்டைக் குரலில் பேச வைத்து, ஆர்.டி.ஓ. ஆபீஸிலிருந்து கூப்பிடுவதாக அப்பாவுக்குப் போன் செய்தாய். அப்போது நான் வீட்டில்தான் இருந்தேன். அப்பா பேச்சு முடியும்வரை எழுந்து நின்றுகொண்டே "சரிங்க சார், சரிங்க சார்" என்றார். நீ கதவுக்குப் பின்னால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினாய். அவர் நின்ற விதம் எனக்கு இன்னும் உறுத்துகிறது.

இப்போது என்னையும் இந்த விளையாட்டில் சேர்க்கப் பார்க்கிறாய். நான் இங்கிருந்து பதறிப்போய் எழுத வேண்டும், நீ அதை அப்பாவிடம் காட்டிச் சிரிக்க வேண்டும். அவர் என்னோடு பேசாமல் இருக்கும் நேரத்தில், அவர் வேலையில் நான் குற்றம் கண்டுபிடிப்பதாக ஒரு கடிதம் அவர் கைக்குப் போனால் என்ன ஆகும் என்று யோசித்தாயா?

உன்னை நான் நம்பவில்லை ஜாய்ஸ். மன்னித்துக்கொள்.

ஒருவேளை உண்மையாக இருந்தால், அந்தப் பொருளை அதே அளவில் வரைந்து அனுப்பு. எந்த வேலைக்குப் பிறகு மிஞ்சியது என்றும் எழுது.

அப்பாவைப் பற்றி ஒன்று கேட்க நினைத்தேன். வேண்டாம், விடு.

அருள்பிரகாஷ்


பாபநாசம்
23 நவம்பர் 2024

அண்ணா,

வரைந்திருக்கிறேன், பார். என் சத்தியத்துக்கு மார்க்கெட்டில் விலை இல்லை என்று தெரியும். அதனால் சத்தியம் செய்யவில்லை. படத்தை மட்டும் பார்.

அன்றைக்கு இடது முன்சக்கரத்தின் உள்பக்கம்தான் வேலை. ஸ்டியரிங்கிலிருந்து சக்கரத்துக்குப் போகிற கம்பியின் முனையை மாற்றினார். அம்மாவிடம் நைசாகக் கேட்டுத் தெரிந்துகொண்டேன்.

இப்போது ஒரு சத்தம் வருகிறது. முதல் ஞாயிறு பூசைக்குப் போகும்போது, குடமுருட்டிப் பாலத்துக்கு முன்னால் இருக்கிற வேகத்தடையில் மட்டும் "டொக்" என்றது. அடுத்த தடவை ரேஷன் கடை வளைவிலும் கேட்டது. நேற்று எல்லா வளைவிலும் கேட்டது. பின்சீட்டில் உட்கார்ந்திருக்கிற எனக்குக் கேட்கிறது, முன்சீட்டில் மடியில் ஹேண்ட்பேக்கை வைத்திருக்கிற அம்மாவுக்கும் கேட்கிறது. "என்னங்க அது சத்தம்?" என்றாள். "பழைய வண்டின்னா பேசத்தான் செய்யும் விண்ணரசி. நீ பேசலையா?" என்றார் அப்பா. இரண்டு பேரும் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. நான் சிரிக்காததை ஒருத்தரும் கவனிக்கவில்லை.

ஆற்றுக் கரைச் சாலை எப்படி என்று உனக்குத் தெரியும். ஒரு பக்கம் குடமுருட்டி நுரைத்துக்கொண்டு போகிறது. மழையில் தண்ணீர் ஏறி நிற்கிறது. இன்னொரு பக்கம் சம்பா வயல், ஆள் உயரம் பள்ளம். நடுவில் ஒரு காரும் ஒரு சைக்கிளும் போகிற அளவுக்கு ரோடு. அதில் அப்பா பாட்டுப் பாடிக்கொண்டு ஒற்றைக் கையால் ஓட்டுகிறார். எதிரே டிராக்டர் வந்தால் ஓரம் கட்டுகிறார். ஓரம் கட்டும்போதெல்லாம் "டொக்".

"அப்பா, அந்தக் கம்பி நெஜமாவே நான் போட்டதில்ல" என்று நேற்று சொன்னேன்.

"அப்ப யாரு போட்டா? மாதாவா?"

"அது கார்லேர்ந்து வந்ததுப்பா."

"கார்லேர்ந்து வந்ததுன்னா கார் ஓடுமா? ஓடுதுல்ல?"

ஓடத்தான் செய்கிறது.

ஹம்தான் படத்தைப் பார்த்து அதே அளவில் ஒரு பிடி புதுப் பின் கொண்டுவந்து கொடுத்தான். எப்போதும் பாக்கெட்டிலேயே வைத்திருக்கிறேன், நடந்தால் கிலுகிலு என்கிறது. ஆனால் ஷெட்டில் பூட்டு. கார் வெளியே வந்தால் உள்ளே அப்பா. எங்கே போய்ச் செருகுவது?

இதை எழுதும்போது எனக்கு ஒரு ஜோக்கும் தோன்றவில்லை. அதுவே எனக்குப் பயமாக இருக்கிறது.

ஜாய்ஸ்


ஏற்காடு
29 நவம்பர் 2024

ஜாய்ஸ்,

முதலில் மன்னிப்பு. உன்னை நம்பாமல் அத்தனை நாளை வீணாக்கிவிட்டேன். என் கடிதம் மலையிறங்கி உன்னிடம் வந்து, உன் பதில் மலையேறி என்னிடம் வருவதற்குள் அந்தக் கார் எத்தனை வளைவு திரும்பியிருக்கும்!

படத்தைப் பார்த்ததும் தெரிந்துவிட்டது. அது ஸ்பிளிட் பின். அப்பா மாற்றிய கம்பியின் முனையை ஒரு நட்டுதான் சக்கரத்தோடு பிடித்து வைத்திருக்கிறது. அந்த நட்டு அதிர்வில் சுழன்று கழன்றுவிடாமல், குறுக்கே செருகி இரண்டு காலையும் மடக்கிவிடுவது இந்தப் பின். பின் இல்லாவிட்டாலும் வண்டி ஓடும். பயமே அதில்தான் இருக்கிறது. இன்று ஓடும், நாளை ஓடும், நட்டு ஒவ்வொரு குலுங்கலுக்கும் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கும். ஒரு நாள் அப்பா ஸ்டியரிங்கைத் திருப்புவார், அந்தச் சக்கரம் திரும்பாது.

நீ சொல்லும் சத்தம் அந்த முனை ஆடும் சத்தமாக இருக்கலாம். வேறு எதுவாகவும் இருக்கலாம். பார்க்காமல் சொல்ல முடியாது. ஆனால் யாராவது பார்க்க வேண்டும்.

ஃபாதரிடம் போய் நின்றேன். நான் பேசினால் அப்பா போனை வைத்துவிடுவார் என்று சொன்னேன். "அப்ப நான் பேசறேன். ஒரு குரு சொன்னா கேக்க மாட்டாரா?" என்றார். நாளை காலை பூசை முடிந்ததும் கூப்பிடுகிறார். இந்தக் கடிதம் உன்னிடம் வருவதற்குள் எல்லாம் சரியாகியிருக்கும் என்று நம்புகிறேன். நம்புகிறேன் என்று எழுதிவிட்டு, அந்த வார்த்தையையே பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

ஜெபத்தில் உட்கார்ந்தால் கண்ணை மூட முடியவில்லை. மூடினால் இடது சக்கரம்.

அருள்


பாபநாசம்
4 டிசம்பர் 2024

அண்ணா,

ஒன்றும் சரியாகவில்லை. நடந்ததை அப்படியே எழுதுகிறேன். மாஸ்டர் ஃபாதரிடம் என் சார்பில் காலில் விழுந்துவிடு.

சனிக்கிழமை காலை போன் அடித்தது. அப்பா எடுத்தார். ஸ்பீக்கரில் போட்டார், நான் இட்லித் தட்டோடு பக்கத்தில் நிற்கிறேன்.

"வணக்கம், நான் ஏற்காட்டுலேர்ந்து ஃபாதர் பேசறேன்."

"எந்த ஃபாதரு? இந்த வீட்டுக்கு நான்தான் ஃபாதரு."

"இல்லீங்கய்யா, அருள்பிரகாஷோட நொவிஸ் மாஸ்டர். உங்க கார் விஷயமா..."

"கார் விஷயமா? ஓஹோ!" அப்பா என்னைத் திரும்பிப் பார்த்தார். உனக்குத் தெரியுமே, ஜப்தி வீட்டில் பீரோவுக்குப் பின்னால் ஒளித்த மிக்சியைக் கண்டுபிடித்த மாதிரி ஒரு பார்வை. "தம்பி ஹம்தான், போன தடவ ஆர்.டி.ஓ., இந்தத் தடவ சாமியாரா? குரல் நல்லா கெழடா வந்திருக்குப்பா. வச்சிரு."

வைத்துவிட்டார். ஃபாதர் திரும்பக் கூப்பிட்டார். அப்பா அந்த நம்பரையே பிளாக் செய்துவிட்டார்.

"அப்பா, அது நெஜ ஃபாதர்!" என்று கத்தினேன். அப்புறம் அழுதேன். நான் அழுது நீ பார்த்திருக்கிறாயா? எனக்கே என் அழுகை வேறு யாரோ அழுவது மாதிரி இருந்தது. அவர் காலைப் பிடித்துக்கொண்டேன். அப்பா நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்து, பொறுமையாகச் சொன்னார்: "முப்பது வருஷம் பாத்துட்டேன் பாப்பா. புள்ளைக்கு ஜுரம்னு அழுவாங்க, புருஷனுக்கு நெஞ்சுவலின்னு அழுவாங்க. வண்டியத் தூக்காதீங்கன்னு சக்கரத்துக்கு முன்னாடி படுத்து அழுவாங்க. எல்லாத்தையும் நம்பியிருந்தா ஒரு டைனமோகூட கோர்ட்டுக்கு வந்திருக்காது. கண்ணத் தொடச்சிக்க."

அவரிடம் கோபமே இல்லை. கோபப்பட்டிருந்தால்கூடத் தேவலை.

அதனால் என் வழிக்குப் போனேன். அவர் தூங்கும்போது அரைஞாணிலிருந்து சாவியை எடுக்கப் பார்த்தேன், மாட்டிக்கொண்டேன். நேற்று கார் வாசலில் நின்றபோது இரண்டு டயரில் காற்றைப் பிடுங்கிவிட்டேன். அவர் பம்ப்பை எடுத்து வந்து, வியர்க்க வியர்க்க அடித்தார். அம்மாதான் வந்து என் முதுகில் ஒன்று வைத்தாள். "அந்த மனுசனுக்கு மகனும் போயிட்டான். இருக்கிறது இந்தக் கார் ஒண்ணுதான். அதையும் நீ நிம்மதியா ஓட்ட விடமாட்டியா?"

இனி நான் எதைச் செய்தாலும் அவர்கள் ஒரு படி கூடுதலாக நம்பாமல் போகிறார்கள். புரிகிறதா அண்ணா? நான் வாயைத் திறப்பதே அந்த நட்டை இன்னொரு சுற்று கழற்றுகிற மாதிரி இருக்கிறது.

இதைவிட மோசமான விஷயம்: பதினைந்தாம் தேதி, ஞாயிறு, பழைய வண்டி வைத்திருப்பவர்கள் எல்லாம் தாராசுரத்தில், கோயில் எதிரே கூடுகிறார்கள். அப்பா பேர் கொடுத்துவிட்டார். அம்மாவும் போகிறாள், பட்டுப்புடவை எடுத்து வைத்தாகிவிட்டது. கரைச் சாலை முழுக்க, அப்புறம் பஸ்கள் பறக்கிற மெயின் ரோடு. எனக்குத் தண்டனையாக வீட்டுக்காவல்.

இது உனக்கு எப்போது கிடைக்கும்? பதில் அதற்குள் வருமா?

ஜாய்ஸ்


ஏற்காடு, ஸ்பீட் போஸ்ட்
9 டிசம்பர் 2024

ஜாய்ஸ்,

உன் கடிதம் இன்றுதான் வந்தது. உடனே எழுதுகிறேன்.

அப்பாவுக்கும் தனியாக ஒரு கடிதம் இன்றைக்கே போடுகிறேன். பிரிக்காமலே வைத்துவிடுவார் என்று தெரியும். இருந்தாலும் போடுகிறேன்.

நேரில் வர அனுமதி கேட்டேன். ஃபாதர் மறுக்கவில்லை, எங்கள் சபையின் மாகாணத் தலைவரிடம் கேட்க வேண்டும் என்கிறார். அவர் ரோமில் இருக்கிறார். இரவில் மதில் ஏறிக் குதித்து வந்துவிடலாமா என்று நினைத்தேன். இதை ஃபாதர் படிப்பார் என்று தெரிந்தே எழுதுகிறேன்.

நீ அம்மாவை மட்டும் எப்படியாவது அந்தக் காரில் ஏறவிடாதே. வயிற்றுவலி என்று சொல், மயங்கி விழு, என்ன வேண்டுமானாலும் செய். ஒன்று மட்டும் கேள்: நீ அந்தக் காரில் ஏறக்கூடாது. எந்தக் காரணத்துக்காகவும். இது அண்ணன் சொல்கிற சொல். அப்பா பிடிவாதக்காரர், அவரை நம் இரண்டு பேராலும் தடுக்க முடியவில்லை என்றால், வீட்டில் மிச்சம் இருப்பவர்களாவது...

இந்த வாக்கியத்தை என்னால் முடிக்க முடியவில்லை.

அருள்


பாபநாசம்
16 டிசம்பர் 2024

அண்ணா,

எல்லோரும் உயிரோடு இருக்கிறோம். இதை முதல் வரியிலேயே எழுதிவிடுகிறேன், இல்லாவிட்டால் நீ கடைசிப் பக்கத்துக்குத் தாவுவாய்.

உன் ஸ்பீட் போஸ்ட் வியாழக்கிழமை வந்தது. அப்பாவுக்கு வந்த கடிதத்தை டிவி மேல் வைத்தார், பிரிக்கவில்லை. நீ சொன்னபடி வயிற்றுவலி என்று சுருண்டு படுத்தேன். அம்மா ஓமத் தண்ணீர் கொடுத்துவிட்டுத் தலைசீவப் போய்விட்டாள்.

நேற்றுக் காலை அப்பா காரை வாசலில் நிறுத்தி, கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை. அம்மா புளியோதரை டப்பாவை எடுக்க உள்ளே போனாள். நான் போய் அம்மாவின் சீட்டில் ஏறி உட்கார்ந்து கதவைச் சாத்திக்கொண்டேன்.

நீ ஏறக்கூடாது என்று எழுதியிருந்தாய். எனக்குத் தெரியும். யோசித்துச் செய்ததில்லை. அப்பா தனியாகப் போவதை வாசலில் நின்று பார்க்க என்னால் முடியாது, அவ்வளவுதான்.

"எறங்கு."

"மாட்டேன்."

"வயித்துவலின்ன?"

"பொய்."

"கார் ஆபத்துன்ன?"

"அது பொய் இல்ல."

"அப்ப ஏன் ஏறுன?"

"நீங்க போறீங்கல்ல."

அப்பாவுக்கு ரோஷம் வந்துவிட்டது. "சரி, வா. போற வரைக்கும் போவோம். எவ்வளவு நேரம் நடிக்கிறன்னு நானும் பாக்கறேன்" என்று ஏறி ஸ்டார்ட் செய்தார். அம்மா டப்பாவோடு ஓடிவந்து, "என்னை விட்டுட்டு எங்க போறீங்க?" என்று கத்தியது பின்னால் கேட்டது.

ரேஷன் கடை வளைவில் "டொக்". நான் டாஷ்போர்டை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன். கரைச் சாலை ஏறினோம். எனக்குப் பல் அடித்துக்கொண்டது. குளிரில் அடிக்குமே, அப்படி. நிறுத்த முடியவில்லை. அழவில்லை. பேசவில்லை. ஜெபம்கூடச் சொல்லத் தோன்றவில்லை. ஆறு என் பக்கம்தான் இருந்தது. எதிரே வைக்கோல் ஏற்றின வண்டி வந்தது, அப்பா ஓரம் கட்டினார். "டொக்... டொக்" என்று இரண்டு தடவை. கார் அவர் சொன்ன பக்கம் உடனே போகவில்லை. ஒரு கணம் யோசித்துவிட்டுப் போன மாதிரி இருந்தது. என் பாவாடை நனைந்துவிட்டது அண்ணா. இதை ஃபாதர் படிப்பார். படிக்கட்டும்.

பாலத்துக்கு இந்தப் பக்கமே அப்பா நிறுத்தினார். இஞ்சினை அணைத்தார். தண்ணீர் ஓடுகிற சத்தம் மட்டும்தான்.

சீட்டைப் பார்த்தார். என் முகத்தைப் பார்த்தார்.

"வண்டிய எடுக்காதீங்கன்னு அழுதவங்களத்தான் பாத்திருக்கேன்" என்றார். "ஒருத்தரும் அதுல ஏறி உக்காந்ததில்ல."

இறங்கினார். துண்டைக்கூட விரிக்காமல், அந்த வெள்ளை வேட்டியோடு ஈரச் சாலையில் மல்லாந்து படுத்து, முன்சக்கரத்துக்கு அடியில் தலையை நீட்டினார். எனக்கு அவருடைய கால்கள் மட்டும் தெரிந்தன. அவை அசையவே இல்லை. "அப்பா?" என்றேன். "அப்பா!"

வெளியே வந்தவர் கையில் நட்டு இருந்தது. ஸ்பானர் எதுவும் இல்லை. "விரலாலத் தொட்டேன் பாப்பா. கையோட வந்துடுச்சு" என்றார். அப்படியே சாலையோரத்தில் உட்கார்ந்துவிட்டார்.

நட்டை முறுக்க டிக்கியிலிருந்து நான்தான் ஸ்பானரை எடுத்துக் கொடுத்தேன். பாக்கெட்டிலிருந்து பின்னையும் கொடுத்தேன். "எப்பலேர்ந்து இத வச்சிருக்க?" என்றார். அவர் ஓட்டையில் செருகினார். மூன்றாவது தடவைதான் போனது. காலை மடக்கிவிட்டு, மடங்கியிருக்கிறதா என்று தடவினார், மறுபடி தடவினார்.

அதற்குள் பட்டுப்புடவையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, புளியோதரை டப்பாவோடு, கரை முழுக்க நடந்தே வந்துவிட்டாள் அம்மா. எங்களைத் திட்ட வாயைத் திறந்தவள் அப்பாவின் முகத்தைப் பார்த்துவிட்டு டப்பாவைத் திறந்தாள். புளியோதரையை அங்கேயே உட்கார்ந்து தின்றோம். தாராசுரம் போகவில்லை.

ஜாய்ஸ்


ஏற்காடு
21 டிசம்பர் 2024

ஜாய்ஸ்,

ஏறக்கூடாது என்று சொன்னேனே, பிசாசே!

இதற்கு மேல் திட்ட வரவில்லை. கடிதத்தை நின்றுகொண்டே படித்தேன், முடித்ததும் உட்கார இடம் தேடினேன். ஃபாதர் எனக்கு முன்பே படித்திருந்ததால் ஒரு டம்ளர் தண்ணீரோடு பக்கத்தில் நின்றார். உன் பாவாடை விஷயத்தை இரண்டு பேரும் படிக்காததுபோல் நடந்துகொண்டோம்.

ஒரு பின்னை மறந்த கை இன்னொன்றையும் மறந்திருக்கலாம். வலது சக்கரத்தைப் பார்த்தாரா? பிரேக் இணைப்புகள்? அதுவரை காரை எடுக்க வேண்டாம். இதை அவரிடம் நீ சொல்வாயா, நான் சொன்னதாகச் சொல்வாயா, உன் இஷ்டம்.

போன மாதம் கேட்க வந்து, வேண்டாம் என்று விட்ட கேள்வியை இப்போது கேட்டுவிடுகிறேன். அப்பா எப்படி இருக்கிறார்?

அருள்


பாபநாசம்
30 டிசம்பர் 2024

அண்ணா,

அப்பா நன்றாக இல்லை. அதாவது உடம்புக்கு ஒன்றுமில்லை. என்னிடம் இருந்த பயம் அப்படியே அவருக்கு மாறிவிட்டது. படுத்த பிறகு எழுந்துபோய் கேஸ் சிலிண்டரைத் தொட்டுப் பார்க்கிறார். சட்டைக்குப் பொத்தான் போட்டுவிட்டு மறுபடி மேலிருந்து எண்ணுகிறார். ஷெட் சாவி அரைஞாணிலிருந்து இறங்கி, வாசல் ஆணியில் யார் வேண்டுமானாலும் எடுக்கிற மாதிரி தொங்குகிறது. ஆனால் அவர் ஷெட்டுப் பக்கமே போகவில்லை. "வித்துரலாம் விண்ணரசி. என் கை சரியில்ல" என்றார். கிறிஸ்மஸுக்கு ஆட்டோவில்தான் கோயிலுக்குப் போனோம். தெருவே எங்களைப் பார்த்தது. வண்டி எங்கே என்று கேட்டவர்களுக்கெல்லாம், அதற்குச் சளி என்று நான் பதில் சொல்லிச் சமாளித்தேன்.

உன் கடிதம் வந்ததும் சாப்பிடும்போது சத்தமாகப் படித்தேன். பிசாசே என்பதை மட்டும் விட்டுவிட்டேன். அப்பா ரசத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். படித்து முடித்து, நானும் அம்மாவும் கை கழுவி, விளக்கு அணைக்கிற நேரத்தில் கேட்டார்: "வலது பக்கமும் பாக்கச் சொல்றானா?"

அண்ணா, நீ போனதிலிருந்து உன்னைப் பற்றி அவர் வாயிலிருந்து வந்த முதல் வாக்கியம் இதுதான். அம்மா இருட்டில் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். டிவி மேல் இருந்த உன் கடிதத்தையும் காலையில் காணோம். யார் எடுத்தது என்று நான் கேட்கவில்லை.

இன்றைக்கு அவரே சாவியை எடுத்தார். "நீயும் வா. நான் பாத்தது போதாது" என்றார். அவர் வலது பக்கம் படுத்தார், நான் இடது பக்கம் படுத்தேன். ஒவ்வொரு நட்டாக விரல் வைத்து, அவர் பெயர் சொல்லச் சொல்ல நான் "இருக்கு" என்றேன். ஒவ்வொரு தடவையும் "நெஜமா?" என்றார். ஒவ்வொரு தடவையும் "நெஜம்" என்றேன். அத்தனை நட்டுக்கும் ஒரு ஜோக்கூட அடிக்கவில்லை, எனக்கு மெடல் கொடுக்க வேண்டும். வலது பக்கத்துப் பின் இருந்தது. ஆனால் ஒரு காலை மடக்காமல் விட்டிருந்தார். அதை மடக்கிவிட்டு, வெளியே வராமல் அடியிலேயே கொஞ்ச நேரம் கிடந்தார்.

"விக்க வேணாம்ப்பா. பாலம் வரைக்கும் போயிட்டு வருவோம்" என்றேன்.

எனக்கும் பயம்தான். மறைத்துவிட்டேன் என்று நினைத்தேன், ஆனால் கை தானாக டாஷ்போர்டுக்குப் போனது. அப்பாவின் கை இரண்டும் ஸ்டியரிங்கில், பாட்டு இல்லை. ரேஷன் கடை வளைவில் இரண்டு பேரும் காதைத் தீட்டிக்கொண்டு காத்திருந்தோம். சத்தம் வரவில்லை. கரைச் சாலையிலும் வரவில்லை. அன்றைக்கு நின்ற இடத்தில் வேகத்தைக் குறைத்தார், நிறுத்தப் போகிறார் என்று நினைத்தேன். நிறுத்தவில்லை. முன்சக்கரம் பாலத்தில் ஏறியது. கீழே ஆறு. அப்பா என் பக்கம் திரும்பினார்.

"எறங்கிக்கிறியா பாப்பா?"

"ரோட்டப் பாருங்கப்பா."

ஜாய்ஸ்